நாய்க்குல்லாவுக்குள் ஒரு மாப்பிள்ளை

வழிகாட்டிகளாகப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் ஒரேயொரு தங்கச்சிக்கும், கோட்டையை விட்டு ஓய்வு பெறும் கிழவன் எழுதுவது. கிழவனுக்கு வயது இருபத்தெட்டு. சிரிக்க வேண்டாம். இரும்பு வளையச் சட்டையைப் போட்டுக்கொண்டு கோடை முழுக்கப் படியேறி இறங்கிப் பாருங்கள், உங்கள் முழங்காலின் வயதை அதுவே சொல்லும். திங்கட்கிழமை முதல் நான் பேருந்து ஓட்டப் போகிறேன். பேருந்தில் யாரும் என்னிடம், "ராணி எங்க குளிக்கிறவா?" என்று கேட்க மாட்டார்கள்.

படிப்பில் நீங்கள் எல்லாரும் எனக்கு மேலே. நான் சரித்திர வகுப்பில் நிம்மதியாகத் தூங்கியவன். பாண் பேக்கரியில் அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, தொடங்கி, விடியக்காலையில் எழும்ப முடியாமல் பாதியில் விட்டவன். எங்கள் ஷெஃபின், அதுதான் கோட்டையின் மேலதிகாரி அம்மா, என்னை வேலைக்கு எடுத்ததற்கு ஒரே காரணம் என் தமிழ். ஸ்டுட்கார்ட்டிலிருந்து எங்கள் ஆட்களும் வால்டோர்ஃபிலிருந்து இந்தியப் பொறியியலாளர்களும் சனி ஞாயிறுகளில் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கியிருந்த காலம் அது.

நேற்று நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். உடை மாற்றும் அறையில் என் ஆணியில் ஒரு சின்னச் சிவப்புக் கம்பளிக் குல்லா தொங்குகிறதே, அது எந்தக் குழந்தையுடையது என்று. நம்முடைய ஜெர்மன் சகா ஒருவர் அதை மத்தியகாலத்துக் குழந்தைக் குல்லா என்று ஒரு பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்ததையும் என் காதால் கேட்டேன். அது குழந்தையுடையது இல்லை, என்னுடையது. ஒரு கலியாணத்துக்குப் போய்வந்ததில் சின்னதாகிவிட்டது.

அதற்கு முன் கொஞ்சம் தொழில் விஷயம்.

கோட்டைக்கு வருகிற யாரும் வெறும் தலையோடு வருவதில்லை. ஏற்கெனவே ஒன்றைத் தெரிந்துகொண்டுதான் வருகிறார்கள், அது அனேகமாகப் பிழை. மதில் மேலிருந்து கொதிக்கிற எண்ணெயை ஊற்றினார்களாம். அந்தக் காலத்தில் எண்ணெய் என்ன, ஊற்றி விளையாடுகிற சாமானா? கல்லும் மணலும் சுடுநீரும் சும்மா கிடக்க, எவன் எண்ணெயை எதிரிக்கு வார்ப்பான்? அடுத்தது, கவசம் போட்டவனைக் குதிரையில் ஏற்றப் பாரந்தூக்கி வேண்டுமாம். அளவெடுத்துச் செய்த கவசத்தோடு ஓடலாம், குந்தலாம், கரணமும் அடிக்கலாம். நம்பாத ஒரு கூட்டத்துக்கு நான் அடித்தே காட்டினேன். இடது முழங்கால் போனது அன்றைக்குத்தான்.

உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், அதுதான் வேடிக்கை. பெரிய மனிதர்கள் சப்பாத்தின் நுனியைக் கொக்கு அலகு மாதிரி நீட்டி, அது சரியாமல் இருக்க உள்ளே பாசி அடைத்துக்கொண்டு திரிந்தார்கள் என்றால், "சும்மா பகிடி விடாதையும்" என்பார்கள். புருஷனும் மனைவியும் வழக்கைச் சண்டை போட்டே தீர்த்துக்கொள்ளலாம், புருஷனை இடுப்பளவு குழிக்குள் இறக்கிக் கையில் ஒரு பொல்லைக் கொடுப்பார்கள், மனைவி வெளியே நின்று துணியில் கல்லைக் கட்டிச் சுழற்றுவாள் என்றால், ஒருவரும் நம்புவதில்லை. பழைய சண்டைக்கலைப் புத்தகத்தில் படமே இருக்கிறது. அந்தப் படத்தை ஒரு அன்ரிக்குக் காட்டினேன். பக்கத்தில் நின்ற புருஷனை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்களுக்குக் குழி தேவையில்லைத் தம்பி. அவர் தரையில நிண்டாலே என்ர இடுப்பளவுதான்" என்றா.

சரி, கலியாணத்துக்கு வருவோம்.

வைகாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. மாப்பிள்ளை சுதன் அண்ணா, ஸ்டுட்கார்ட்காரர். கோட்டைக்குக் கீழே இருக்கும் ஊர் மண்டபத்தில் கலியாணம். பெண்ணும் பெண்வீட்டாரும் ஐயரும் அங்கே தயாராக இருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் போகிற வழியில் கோட்டைக்கு ஏறி வந்தார்கள், "ரெண்டே ரெண்டு படம்" எடுக்க. ரெண்டு படம் என்று சொன்னவர் வீடியோ அண்ணை. எங்கள் கலியாணங்களில் ஐயருக்கு மேலே ஓர் அதிகாரி உண்டென்றால் அது வீடியோ அண்ணைதான். அவர் "திரும்ப ஒருக்கா" என்று சொன்னால் ஐயரே மந்திரத்தைத் திரும்பச் சொல்லுவார்.

கூட வந்தவர்கள் மாப்பிள்ளையின் தாய் பரமேஸ் அன்ரி, அவவின் அண்ணன் குலம் மாமா. அன்ரி வந்ததும் வராததுமாக மகனின் தலைப்பாவை எனக்குக் காட்டினா.

"வடிவாப் பாரும் தம்பி. கடையில விக்கிற தொப்பி இல்லை இது. என்ர அண்ணை தன்ர கையால கட்டினது. எங்கட அப்பாவின்ர கட்டு."

குலம் மாமா கோபுரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தாலி ஏறுமட்டும் தலைப்பா அவிழப்படாது" என்றா அன்ரி. "அவிழ்ந்தா அது கூடாத சகுனம்."

எனக்கு இதெல்லாம் தெரியாது. நாங்கள் மன்னார்க் கத்தோலிக்கர், எங்கள் மாப்பிள்ளைமாருக்குக் கோட்டும் டையும்தான். அதனால் தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்கினேன்.

தலைக்கவச அறையில் பார்வையாளர் போட்டுப் பார்க்கிறதற்கு ஒன்று வைத்திருக்கிறோமே, மூஞ்சி நாய் மூக்கு மாதிரிக் கூராக நீண்டிருக்கிறது, அதுதான் கதாநாயகன். அதன் பெயர் ஹுண்ட்ஸ்கூகல், நாய்க்குல்லா. கூகல் என்றால் தோள்வரை வருகிற, நீண்ட வால் வைத்த கம்பளிக் குல்லா. நான் சொல்லி முடிக்க முதல் வீடியோ அண்ணை குறுக்கே வந்தார்.

"கூகிளோ? அது இப்ப இரும்பிலயும் வந்திட்டுதோ?"

"இது பழைய கூகல் அண்ணை. இதுக்குள்ள தலையை விட்டா ஒண்டும் தேடேலாது" என்றேன். இந்த இடத்தை நினைவில் வையுங்கள், பிறகு நானே வருத்தப்பட்டேன்.

விதியையும் சொன்னேன். உள்ளே துணி இல்லாமல் இரும்பைத் தலையில் வைக்கக் கூடாது. அந்தக் காலத்து வீரர்களும் பஞ்சு வைத்துத் தைத்த தொப்பிக்கு மேலேதான் போட்டார்கள். இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அன்ரி என்னைத் தட்டினா.

"தம்பி, டொய்லெட் எங்க?"

நான் பகிடிக்காரன் அல்லவா, அவவை நேரே மத்தியகாலக் கழிவறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மதிலில் இருந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிற அந்தக் கல் அறை. நல்ல உடுப்புகளை இதற்குள் தொங்கவிட்டார்களாம், நாற்றத்துக்குப் பூச்சி அண்டாதாம் என்று வழமையான கதையைச் சொன்னேன். அன்ரி தன் பட்டுச் சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "சீ! அப்ப உங்கட ராணிமார் சபைக்கு வரேக்க எப்பிடி மணந்திருக்கும்?" என்றா. நல்ல கேள்வி.

அவவைச் சரியான டொய்லெட்டுக்கு அனுப்பிவிட்டு நான் திரும்பிவந்தபோது, அறையின் நடுவில் பட்டு வேட்டியும் மாலையும் போட்ட ஒரு நாய் நின்றது.

"துணி வேணும் எண்டு நீர்தானே சொன்னனீர்" என்றார் வீடியோ அண்ணை. "தலைப்பா இருக்கே. பிறகென்னத்துக்கு வேற தொப்பி? கழட்டவும் ஏலாது. அப்பிடியே அமத்தி விட்டம்."

எந்த வெள்ளைக்காரனுக்கும் இந்த யோசனை வந்திருக்காது. நான் சொன்ன விதியை ஒரு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்து மாட்டிக்கொள்ள எங்கள் ஆட்களால்தான் முடியும்.

படம் நன்றாக வந்ததாம். கழற்றப் போனபோதுதான் கவசம் வரவில்லை. நான் இழுத்தேன், வரவில்லை. மாமா தோளைப் பிடிக்க நான் இழுத்தேன், சுதன் அண்ணாதான் வந்தார். முகமூடியை மேலே தூக்கலாம், மூச்சுக்குக் குறைவில்லை. ஆனால் அதன் கொளுவி தளர்ந்துபோனது. அவர் தலையை ஆட்டும்போதெல்லாம் மூஞ்சி தானாக விழுந்து மூடிக்கொள்ளும்.

"நோகுதோ அண்ணா?"

"இல்லை." டங்.

"தலையை ஆட்டாமல் சொல்லுங்கோ."

"ஓம்." டங்.

தமிழனால் தலையை ஆட்டாமல் ஓம் சொல்ல முடியாது என்று நான் அன்றைக்குக் கண்டுபிடித்தேன். 

அப்போது அவருடைய ஹாண்டி, கைத்தொலைபேசி, அடித்தது. மணமகள் நிலானி அக்கா. வீடியோ அண்ணை அதை நாய் மூக்கருகே பிடித்தார். குரல் எல்லாருக்கும் கேட்டது.

"எங்க நிக்கிறியள்? முகூர்த்தம் முடியப் போகுது எண்டு ஐயர் கத்துறார்."

"வந்துகொண்டிருக்கிறம்."

"ஏன் உங்கட குரல் குடத்துக்குள்ள இருந்து வாற மாதிரிக் கிடக்கு?"

"சிக்னல் சரியில்லை." டங்.

"உது என்ன சத்தம்?"

"கதவு."

"எந்தக் கதவு? கெதியா வாங்கோ! பின்னேரம் மண்டபம் ஊர்ப் பாட்டுக் குழுவுக்காம், எங்களை வெளிய போகச் சொல்லுவாங்கள்."

அன்ரி திரும்பி வந்து வாசலில் நின்று முழுவதையும் பார்த்தா. முதலில் அவ கேட்டது மகனைப் பற்றி இல்லை.

"தலைப்பா உள்ளயோ?"

சத்தம் கேட்டு ஷெஃபின் ஓடிவந்தா. தீயணைப்புப் படையைக் கூப்பிடவா என்று கேட்டா. நான் மொழிபெயர்த்ததும் அன்ரி, "வேண்டாம், அது வீடியோவில விழும்" என்றா. ஷெஃபின் உணவகத்துக்கு ஓடி, சலாட்டுக்கு ஊற்றுகிற எண்ணெயைக் கொண்டுவந்து நீட்டினா. இந்தக் கோட்டையில் எண்ணெய் ஊற்றவே இல்லை என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! பட்டு வேட்டியைப் பார்த்தேன், போத்தலைப் பார்த்தேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன்.

இனி நான் சொல்வதைக் கவனியுங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தும்போது செய்ய வேண்டியது, சம்பந்தப்பட்டவரைக் கதிரையில் உட்கார வைப்பது. சுதன் அண்ணாவை உட்கார வைத்தேன். பின்கழுத்தால் இரண்டு விரலை உள்ளே விட்டுத் தடவினேன். தலைப்பாவின் நுனியைக் கண்டுபிடித்தால் மெல்ல உருவி எடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். மடிப்பைத் தேடினேன், மடிப்பு இல்லை. முடிச்சைத் தேடினேன், முடிச்சும் இல்லை. தையல் இருந்தது. அட்டை இருந்தது. ஒரு கம்பி, கவசத்தின் உள்தோல் வாரில் கொளுவிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் வழுவழுவென்று சின்னத் துணித்துண்டு ஒன்று. சட்டைக் கொலரில் அளவு போட்டுத் தைத்திருப்பார்களே, அது.

நான் வாயைத் திறந்தேன். நல்லவேளையாக அந்த நேரம் குலம் மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அறுபது வயது மனிதர், சூட் போட்டவர், பள்ளிக்கூடத்தில் களவு பிடிபட்ட பெடியன் மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். தங்கச்சியின் பக்கம் திரும்பவே இல்லை.

தம்பிமாரே, நம்முடைய தொழில் பிழையைத் திருத்துவதுதான். ஆனால் திருத்த முதல், அந்த அறையில் யாருடைய முகம் வெளிறிப்போயிருக்கிறது என்று ஒருதரம் பாருங்கள்.

"அன்ரி," என்றேன், "நான் சத்தியம் பண்ணுறன். மாமா கட்டின கட்டில ஒரு முடிச்சும் அவிழ்க்க மாட்டன்."

இதைவிடச் சுத்தமான உண்மையை நான் வாழ்நாளில் சொன்னதில்லை.

"மெய்யாவோ?"

"மெய்யா. நீங்கள் கீழ போய்க் காரை எடுக்கச் சொல்லுங்கோ. வீடியோ அண்ணையையும் கூட்டிக்கொண்டு போங்கோ, வாசல் வடிவா இருக்கு, உங்களைத் தனிய ஒரு படம் எடுப்பார்."

தனிப் படம் என்றதும் வீடியோ அண்ணை வெளிச்சத்தை அணைத்தார். அன்ரி இரண்டுதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனா. கதவு மூடியதும் குலம் மாமா உடைந்தார்.

"தம்பி, கட்டிப் பாத்தனான், எனக்கு வரேல்ல. அப்பா எனக்குச் சொல்லித் தந்தவர் எண்டு வருஷக்கணக்காச் சொல்லிப்போட்டன். இனி எப்பிடி இல்லை எண்டிறது? பாரிசுக்குப் போன இடத்தில ரெடிமேட் ஒண்டு வாங்கினன். அவளுக்குத் தெரிஞ்சா—"

"மாமா," என்றது நாய். "எனக்குக் காலமையே தெரியும். லேபல் காதில குத்துது." டங்.

உடை அறையில் இருந்து நூல் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துவந்தேன். கழுத்து வழியாகத் தையலை வெட்டினேன். அட்டையை முறித்து முறித்து வெளியே எடுத்தேன். கடைசியாகக் கம்பியை வாரில் இருந்து விடுவித்ததும், கவசம் எதுவும் நடக்காத மாதிரிக் கையோடு வந்தது. சுதன் அண்ணா காதைச் சொறிந்தார். தலைப்பா என்று என் கையில் மிஞ்சியது, லொறி ஏறிய கேக் பெட்டி மாதிரி இருந்தது.

மாமா அதைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். "முடிஞ்சுது" என்றார்.

"கட்டுறதுக்கு எண்டு முதல் வாங்கின பட்டு எங்க மாமா?"

அவர் கோட்டுக்குள் கையை விட்டு, நாலாக மடித்த பட்டுத் துணியை எடுத்தார். மனுஷன் கடைசி நிமிஷம்வரை நம்பிக்கையோடுதான் இருந்திருக்கிறார்.

நான் வாழ்க்கையில் தலைப்பா கட்டியதில்லை. ஆனால் தினமும் காலையில் கூகல் கட்டுகிறவன். உங்களுக்கும் நான் காட்டித் தந்தேனே? முகம் வைக்கிற ஓட்டையைத் தலையில் வை, ஓரத்தைச் சுருட்டி வளையமாக்கு, தோளை மூடுகிற பகுதியைச் சேவல் கொண்டை மாதிரி ஒரு பக்கம் விரியவிடு, வாலை எடுத்துச் சுற்று. நாகரிகம் பழகிய ஜெர்மன் ஆண்கள் ஒரு காலத்தில் குல்லாவை இப்படித் தலைகீழாகப் போட்டுத் தலைப்பாவாக்கித் திரிந்தார்கள். ஏன் என்று கேட்க வேண்டாம். சப்பாத்துக்குள் பாசி அடைத்த ஆட்களிடம் ஏன் என்று கேட்கக் கூடாது.

என் தலையில் இருந்த சிவப்புக் கூகலைக் கழற்றி, சுருட்டி, சுதன் அண்ணாவின் தலையில் அடித்தளமாக வைத்தேன்.

"கடிக்குது" என்றார்.

"கம்பளி, அப்பிடித்தான். ஆட்டாதேங்கோ."

அதற்கு மேலே பட்டைச் சுற்றினேன். ஒரு நுனியைக் கொண்டையாக விரித்தேன், மறு நுனியைத் தோளில் தொங்கவிட்டேன். கடைசிச் செருகல் வந்ததும் கையை எடுத்தேன்.

"மாமா, எழும்புங்கோ. இதை நீங்கள்தான் செருகவேணும்."

"நானோ?"

"நீங்கள் கட்டினது எண்டுதானே ஊருக்குத் தெரியும்?"

அவர் எழும்பி வந்து, இரண்டு கையாலும், மிகவும் மெதுவாக அந்த நுனியைச் செருகினார்.

அதோடு கதவு திறந்தது. அன்ரி நேரே வந்து மகனைச் சுற்றி நடந்தா. முன்னால் பார்த்தா, பின்னால் பார்த்தா.

"காலமை இப்பிடி இருக்கேல்லையே?"

"இரும்பு அமத்தினதில நசிஞ்சு போச்சு அன்ரி. மாமா சரிப்படுத்தினவர்."

"அவிழ்த்தனீங்களோ?"

"ஒரு முடிச்சும் அவிழ்க்கேல்ல."

அன்ரி தன் அண்ணனைப் பார்த்தா. அவர் கதிரையின் முதுகை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பவும் தலைப்பாவைப் பார்த்தா.

"இப்பதான் சரி" என்றா சத்தமாக. "காலமை அவசரத்தில கட்டினது, ஏதோ ஒண்டு குறைஞ்ச மாதிரி இருந்தது. இதுதான் எங்கட அப்பாவின்ர கட்டு!"

குலம் மாமா மூக்கைத் துடைத்தார். வீடியோ அண்ணை, "திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ அக்கா" என்றார். அன்ரி திரும்பவும் சொன்னா.

அவர்கள் முகூர்த்தம் தப்பாமல் போய்ச் சேர்ந்தார்கள். மண்டபத்தில் இருந்த பெரியவர்கள் தலைப்பாவைப் பார்த்து, இப்ப ஆர் இப்பிடிக் கட்டுகினம் என்று சொன்னார்களாம். எனக்கு அதைச் சொன்னது வீடியோ அண்ணை. பின்னேரம் ஷெஃபின் என் வெறும் தலையைப் பார்த்து, கூகல் எங்கே என்று கேட்டா. "அது கலியாணம் கட்டப் போயிருக்கு" என்றேன். கோட்டை உடுப்பைத் தொலைத்தால் எழுத்தில் கொடுக்க வேண்டும். நான் அந்த வசனத்தையே எழுதிக் கொடுத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு பார்சல் வந்தது. மேலே பலகாரம், கீழே என் கூகல். அன்ரி அதை நல்ல சூட்டில் மெஷினில் போட்டுத் தோய்த்து, ஸ்திரிக்கையும் போட்டு அனுப்பியிருந்தா. கம்பளி சுருங்கி ஒரு குழந்தைக்கு அளவாகிவிட்டது. அதுதான் என் ஆணியில் தொங்குகிறது. குழந்தைக் குல்லா என்று இனி யாராவது சொன்னால் தாராளமாகத் திருத்துங்கள்.

பார்சலுக்குப் பின்னால் அன்ரியின் தொலைபேசி அழைப்பும் வந்தது.

"தம்பி, சின்னவனுக்கும் ஒரு இடம் சரிவந்திட்டுது. தலைப்பாக் கட்ட நீர் வரவேணும்."

எனக்கு நாக்கு சும்மா இருக்காதே. "ஏன் அன்ரி, மாமா இருக்கிறாரே? உங்கட அப்பாவின்ர கட்டு அவருக்குத்தானே வரும்?"

"அவருக்கோ? அண்டைக்குக் காலமை பெட்டியை உடைச்சுத் தொப்பியை எடுத்ததை நான் யன்னலால பாத்தனான்."

"அப்ப கோட்டையில, இதுதான் அப்பாவின்ர கட்டு எண்டு கமராவுக்கு முன்னால ரெண்டுதரம் சொன்னீங்களே?"

"அண்ணை நிண்ட நிலையைப் பாத்தனீரோ இல்லையோ?" என்றா அன்ரி. பிறகு சிரித்தா. "விசர்ப் பெடியா, எங்கட அப்பாவின்ர கலியாணத்துக்கு நான் போனனானோ?"